காலனி மடை

"இது தண்ணித் திருட்டு இல்லாம வேற என்னங்கறேன்?"

பெரிய தெருச் சாரங்கபாணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. காலை வேளையில் காலனிக்கு வந்து, வேம்புவின் வீட்டுக்குள் புகுந்து, கலர் டி.வி.யைத் தாண்டி, கொல்லைக்கே வந்து நின்று விரலை நீட்டினார்.

அவர் புகாரின்பேரில் கூட வந்திருந்த குடிநீர் ஓவர்சியர் அம்சம் குனிந்து பார்த்தாள். பின்னாலிருக்கும் ஊர்ப் பொதுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாய் அங்கேதான் இரண்டாகப் பிரிந்து, இரண்டும் மண்ணுக்குள் இறங்கின. ஒன்று காலனிக்கு, இன்னொன்று பெரிய தெருவுக்கு. எது எங்கே போகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. அதில் ஒன்றின் கழுத்தில் அந்தச் சாமான் உட்கார்ந்திருந்தது. பித்தளையில் ஒரு குண்டு, மேலே ஒரு இரும்புச் சக்கரம், சக்கரத்தில் சங்கிலி, சங்கிலியில் பூட்டு.

அவள் படித்த எந்தப் பாடத்திலும் இப்படி ஒன்று இல்லை. ஏதோ பழைய டீசல் இன்ஜினிலிருந்து கழற்றியது போலிருந்தது.

"இது என்னங்க?" என்றாள் வேம்புவிடம்.

"மடைங்க."

"மடை வயல்ல இருக்கும். வீட்டுக் கொல்லையில எதுக்கு?"

"எங்க மடைங்க. காலனியே கூடிப் பேசி வெச்சது."

"கேட்டீங்களா?" சாரங்கபாணி கையைத் தட்டினார். "அவங்க வாயாலயே வந்துடுச்சு. எங்க தெருவுல குழாயைத் திறந்தா நூலாட்டம் ஒழுகுது. இங்க பூட்டுப் போட்டு வெச்சிருக்காங்க. ஓவர்சியரம்மா, உங்க ஆளுங்கன்னு பார்த்து விட்டுடாதீங்க."

அம்சத்துக்குச் சுருக்கென்றது.

அவளும் பூம்புகார்ப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள்தான். அம்மா நாற்றுப் பறித்த கையால் இவளைப் படிக்கவைத்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிது வேறு. விட்டால் 'பார்த்தியா, சாதி சனம்' என்பார்கள். துண்டித்தால் காலனி மொத்தமும் நாக்கு வறண்டு கிடக்கும். அதைவிட, தன் சனம் திருடியது என்று தானே எழுதிக் கையெழுத்துப் போடுவதை நினைக்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்கு வெச்சீங்கன்னு சொல்லுங்க. சொல்லலைன்னா நான் கனெக்‌ஷனைத் துண்டிச்சுத்தான் ஆகணும்."

"திருடலைங்க. அதுக்கு மேல, இவரை வெச்சுக்கிட்டு நான் சொல்றதுக்கில்லை."

பேரில்தான் வேம்பு. நின்ற நிலையில் அத்தனையும் வீம்பு.

"நான் சொல்றேன் காரணத்தை" என்றார் சாரங்கபாணி. "அந்தக் காலத்துல, கூலித் தகராறு நடந்த வருஷம், எங்கப்பா இவங்க குத்தகை வயலுக்குப் போற மடையைப் பலகை போட்டு அடைச்சாராம். அதுக்கு இப்போ குடிதண்ணியில பழி வாங்குறாங்க."

"அடைச்சாராம் இல்லீங்க, அடைச்சாரு" என்றாள் வேம்பு. "பயிரு பால் பிடிக்கிற நேரத்துல. அவ்வளவும் பதராப் போச்சு."

"பாருங்க, பாருங்க! இன்னும் மறக்கலை பாருங்க!"

அம்சம் கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க."

வேம்பு முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள். முகத்தில் பயமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"நல்லாத் திறந்து விடுங்கம்மா" என்று சாரங்கபாணி உற்சாகப்படுத்தினார். "எங்க தெருவுக்கும் கொஞ்சம் தண்ணி வரட்டும்!"

பூட்டு கழன்றது. சக்கரம் முக்கால்வாசி மூடிக் கிடந்தது. அம்சம் இரண்டு கையாலும் பிடித்துக் கடைசி வரை திருப்பித் திறந்தாள்.

சொட்டிக்கொண்டிருந்த வேம்புவின் குழாய் சீறியது. அடியிலிருந்த குடம் உருண்டு விழுந்தது. காலனித் தெருவெங்கும், "ஐயோ, கொட்டுது, கொட்டுது!" என்று பெண்களின் கூச்சல்.

அம்சம் திகைத்துப் போனாள். இத்தனை நாளும் இவர்கள் அடைத்து வைத்திருந்தது இவர்கள் குழாயையா?

சாரங்கபாணியின் செல்போன் அலறியது. அவர் வீட்டம்மாவின் குரல் கொல்லை முழுக்கக் கேட்டது.

"என்னங்க, யாரு என்ன பண்ணித் தொலைச்சாங்க? அடுப்படிக் குழாய் சுத்தமா நின்னு போச்சு! தெரு முழுக்கச் சொட்டுத் தண்ணி இல்லையாம்!"

சாரங்கபாணிக்குப் போனை எப்படி அணைப்பது என்றே மறந்துவிட்டது.

இனி மறைத்துப் பயனில்லை என்று வேம்பு வாயைத் திறந்தாள். அவரைப் பார்த்து அல்ல, அம்சத்தைப் பார்த்து.

"நாங்க இருக்கிறது பள்ளம். அவங்க தெரு மேடு. எங்க பக்கம் திறந்து கிடந்தா எல்லாத் தண்ணியும் இங்கதான் பாயும். குழாய்த் தண்ணியில அவங்கதாம்மா கடைமடை. கடைமடையில நின்னுகிட்டுத் தண்ணி வருமா வருமான்னு பார்க்கிறது என்னன்னு எங்களுக்குத் தெரியாதா? அதான், காலையில அவங்க வீடெல்லாம் பிடிச்சு முடிக்கிற வரைக்கும் எங்க தண்ணியை நாங்களே அடைச்சு வெச்சுக்கிறோம். செஞ்சதைச் சொல்லிக்காட்டக் கூடாதுன்னும் காலனியில பேசி வெச்சிருக்கோம்."

அம்சத்துக்குக் கண் கலங்கிவிட்டது. 'உங்க ஆளுங்க' என்று அவர் இப்போது ஒரு தடவை சொல்ல மாட்டாரா என்றிருந்தது. ஆமாம், என் ஆளுங்கதான் என்று ஊரே கேட்கக் கத்தலாம் போலப் பெருமை பொங்கியது.

சாரங்கபாணி தொண்டையைக் கனைத்தார். குரல் இறங்கி வந்தது.

"சரி, சரி... தெரியாமப் போச்சு. ஓவர்சியரம்மா, அதைப் பழையபடி அடைச்சுடுங்க."

அம்சம் சக்கரத்தில் கையை வைத்தாள். வேம்பு அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"விடுங்கம்மா. இவரு சொல்லி அடைச்சா அது இவங்கப்பா மடை. நாங்களா அடைச்சாத்தான் அது எங்க மடை."