அளவு பொருந்தாத கோட்டு

"கோட்டு போடாம உள்ள விட மாட்டோம் ஐயா. மீனுங்களுக்கு ஏதாவது ஒட்டிக்கும்."

"எங்கிட்ட ஒட்டறதுக்கு என்னம்மா இருக்கு? காலையிலதான் குளிச்சேன்."

"மந்திரியே வந்தாலும் கோட்டுதான்," என்றாள் ஆராய்ச்சிக்கூட வாசலில் இருந்த உதவியாளப் பெண்.

அவள் நீட்டிய வெள்ளைக் கோட்டு, இரும்புக்கடைக்காரரின் வயிற்றுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

"பெரிசு இல்லையா?"

"பெரிசு இப்ப இல்லீங்க. மூச்சை இழுத்துக்கிட்டு பட்டனைப் போடுங்க."

இழுத்த மூச்சோடு உள்ளே போனார். நகரத்திலேயே பெரிய தனியார் பல்கலைக்கழகம் அது. அங்கே கட்டணத்தைக் கேட்டால் இதயம் நின்றுவிடும் என்பார்கள். அடிபட்ட இதயத்தைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் வித்தையை, அதே கட்டடத்தில், உடம்பெல்லாம் கோடு போட்ட குட்டி மீன்களிடம் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அவர் மகளுக்கு மீனின் வால் ஆராய்ச்சி. அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் பையனுக்கு மீனின் இதயம். நாளைக்குப் பையன் வீட்டிலிருந்து பேச வருகிறார்கள். முகம்கூடத் தெரியாத ஒருவனுக்கு ஒரே பெண்ணை எப்படிக் கொடுப்பது? அதனால்தான் பிள்ளைகள் இருவரும் மேல்மாடிக் கருத்தரங்கில் இருக்கும் நேரம் பார்த்து, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் விசாரிக்க வந்திருந்தார்.

தொட்டிகளுக்கு நடுவே, கண்ணாடி போட்ட ஒல்லியான ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோட்டு முழங்காலைத் தாண்டித் தொங்கியது. படித்தவர்களுக்கு உடையில் ஏது கவனம் என்று நினைத்தபடி, மேஜையிலிருந்த ஒரு தட்டைத் தொடப் போனார் கடைக்காரர்.

"தொடாதீங்க. சுடும்," என்றார் கண்ணாடிக்காரர்.

எல்லாம் தெரிந்த ஆள். பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும்.

"நீங்க இங்கதானே?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"பக்கத்து அறை," என்று கடைக்காரர் வாய் கூசாமல் சொன்னார். "ஆமா, இங்க இதய ஆராய்ச்சி பண்ற பையன் ஒருத்தன் இருக்கானே, ஆள் எப்படி?"

கண்ணாடிக்காரரின் முகம் மலர்ந்தது. "சொக்கத் தங்கம். கழுவ வேண்டிய பாத்திரத்தை அடுத்தவங்களுக்கு விட்டு வைக்க மாட்டான்."

"இந்தக் கண்ணாடிப் பாத்திரமா?"

"எல்லாப் பாத்திரமும்தான்."

"கோபம் வருமா?"

"வந்தா வாயைத் திறக்க மாட்டான். அவங்க அம்மாவுக்குத்தான் வாயை மூடவே தெரியாது."

"அந்தம்மாவையும் தெரியுமா?"

"பார்த்திருக்கேன்," என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார் கண்ணாடிக்காரர். "சரி, அந்த வால் ஆராய்ச்சிப் பொண்ணு எப்படி? உங்க காதுக்கு ஏதாவது வந்திருக்குமே."

பேராசிரியரே கேட்கிறார், விடலாமா? கோட்டு இடம் கொடுத்த அளவுக்குக் கடைக்காரர் நிமிர்ந்தார். "அவ இல்லேன்னா இந்தக் கட்டடமே நிக்காதுங்க. அவ்வளவு ஒழுங்கு. அத்தனை ஆணியையும் அளவு வாரியாப் பிரிச்சு வச்சிருவா."

"ஆணியா?"

"மீனை. மீனைச் சொன்னேன்."

"அவங்க அப்பாதான் கொஞ்சம் முன்கோபின்னு கேள்வி."

"யார்யா சொன்னது?"

தொட்டி மீன்கள் மூலைக்கு மூலை சிதறின. கோட்டிலிருந்து ஒரு பட்டன் தெறித்து உருண்டது. கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பழகினா பச்சைக் குழந்தைங்க அந்த மனுஷன். நானே பழகியிருக்கேன்."

"அப்பாடா," என்றார் கண்ணாடிக்காரர்.

"மனசுல பட்டதைச் சொல்லுங்க. அந்தப் பையனுக்கு நம்பிப் பொண்ணு குடுக்கலாமா?"

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தா, அப்படி ஒருத்தனைத் தேடித்தான் குடுப்பேன்."

கடைக்காரரின் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. நாளைக்கு வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே வாசலுக்கு வந்தார்கள்.

"ஐயா, பார்வையாளர் கோட்டைக் குடுத்துட்டுப் போங்க," என்று கையை நீட்டினாள் உதவியாளப் பெண்.

மானம் கப்பலேறிவிட்டது. கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், தலையைக் குனிந்தபடி மிச்சமிருந்த பட்டன்களைக் கழற்றினார் கடைக்காரர்.

"அந்தப் பெரிசையும் குடுங்கய்யா. இருக்கறதே ரெண்டு கோட்டுதான்."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சூடுபட்டுச் சிவந்திருந்த விரலால் தன் கடைசிப் பட்டனை அவிழ்த்துக்கொண்டிருந்தார் கண்ணாடிக்காரர்.

"நாளைக்கு வர்றப்போ என் அளவுச் சட்டையிலயே வந்துடறேன், சம்பந்தி," என்றார்.