முதல் பரிசுக்குக் குறுக்கே ஒருவர்

"உன் படத்துக்குத்தான் அண்ணாத்த ஃபர்ஸ்ட் பிரைஸ் வந்திருக்கணும். அந்த பக்தவத்சலம் குறுக்க வுழுந்து கெடுத்துட்டாரு."

போட்டிக்குத் தானும் படம் கொடுத்திருந்த ஜான்சன் தேவசகாயத்திடம் இதைச் சொன்னபோது பல்கலைக்கழக ஓவியக் கூடத்தில் பரிசளிப்பு முடிந்து சமோசா கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வட்டார ஓவியர்களுக்கான போட்டி. மூன்று நடுவர்களும் ஒத்துக்கொண்டால்தான் முதல் பரிசு. அதில் ஒருவர் ஜான்சனுக்கு ஓவியம் சொல்லித்தந்த மலையாளி என்பதால் அறைக்குள் நடந்ததெல்லாம் அவனுக்கு வந்துவிட்டது. இரண்டு பேர் தேவசகாயத்தின் படம்தான் என்றார்களாம். பக்தவத்சலம் மட்டும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். காரணம் கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம்.

தேவசகாயம் சமோசாவைக் கடிக்காமல் தட்டோடு ஜன்னலில் வைத்தார்.

மறைமலைநகரில் கார் உதிரிபாகங்களுக்கு பெயின்ட் அடிக்கிற வேலை அவருக்கு. லீவு நாளில் மட்டும் பிரஷ் பிடிப்பார். இந்த ஒரு படத்துக்கு இரண்டு வருஷம் ஆனது. அது அவர் மனைவி பொன்னி. சுனாமிக்கு முந்தின நாள், கிறிஸ்துமஸுக்கென்று குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுக் கடலோரம் இருந்த அம்மா வீட்டுக்குப் போனவள். சொந்தக்காரர்களுக்குக் காட்டலாம் என்று கல்யாண ஆல்பத்தையும் தூக்கிக்கொண்டு போனாள். அவளும் திரும்பவில்லை, ஆல்பமும் திரும்பவில்லை.

ஞாபகத்தில் இருந்துதான் வரைந்தார். மூக்கு மட்டும் சரியாக வர எட்டு மாசம்.

"அம்மாவுக்கு ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கிகினு வரேன்" என்று காலையில் மகள் சிநேகாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஆறு வயசுப் பிள்ளை. வாசலிலேயே நிற்கும். அதற்கு என்ன பதில் சொல்வது?

நேராக பக்தவத்சலத்திடம் போனார். துணைவேந்தரும் பக்கத்தில்தான் நின்றார், அதற்காகக் குரலைத் தாழ்த்தவில்லை.

"இன்னா சார் கொற கண்டீங்க என் படத்துல?"

பக்தவத்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குறை ஒண்ணும் இல்லை."

"அப்பால ஏன் கையெழுத்து போடல?"

"படத்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போங்க, தேவசகாயம்."

நாய்க்குச் சொல்வது மாதிரி இருந்தது அவருக்கு.

"எங்க காலனிப் பொம்பள மூஞ்சி உங்க செவுத்துல தொங்கக் கூடாது. அதான சார்?"

பெரிய மனுஷர், தலை நரைத்தவர், ஏதாவது மறுத்துச் சொல்வார் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். உண்மை சுட்டுவிட்டது என்று தேவசகாயம் முடிவே கட்டிவிட்டார்.

கண்காட்சி முடிய இன்னும் பத்து நாள். அதுவரை படத்தைத் தர மாட்டார்கள். வீட்டில் வெறும் ஆணி. சிநேகா ராத்திரி ஜெபத்தை அந்த ஆணியைப் பார்த்தே சொன்னாள். "அம்மா எப்பப்பா வரும்?" என்று தினமும் கேட்டாள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவருக்கு பக்தவத்சலத்தின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது.

அந்த மனுஷனை இனி எந்தப் போட்டிக்கும் நடுவராகக் கூப்பிடக் கூடாது, சாதி பார்க்கிறவர் என்று துணைவேந்தருக்கு நாலு பக்கம் புகார் எழுதினார். பதினோராம் நாள் படத்தை வாங்கப் போனபோது அதையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கூடத்தில் முதல் பரிசு வாங்கிய படத்தின் சட்டத்தில் தச்சர் ஒரு பித்தளைத் தகட்டை அடித்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் மின்னியது. தேவசகாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புகாரை மேஜைமேல் வைத்தார். கூடத்து அலுவலர் சங்கரி படித்தாள். முதல் பக்கத்திலேயே அவள் முகம் மாறிவிட்டது. எழுந்து அலமாரியிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"இது நீங்க எழுதிக் குடுத்ததுதான?"

இங்கிலீஷ் படிவம். ஜான்சனுடையதைப் பார்த்துத்தான் நிரப்பினார். விலை என்ற கட்டத்தில் மட்டும் தமிழில் சொந்தமாக எழுதியிருந்தார்: 'விலைக்கு இல்லை. என் பெண் அவள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பது இதில் மட்டும்தான்.'

அந்த வரிக்கு அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு.

"நான் போட்ட கோடு இல்ல, பக்தவத்சலம் சார் போட்டது. மத்த ரெண்டு பேருக்கும் தமிழ் படிக்க வராது" என்றாள் சங்கரி. "விலைக்கு இல்லன்னு எழுதினா படத்த உள்ளேயே எடுக்கக் கூடாது. காரணம் இதுன்னு சார் சொல்லியிருந்தா அப்பவே எறக்கி வெளிய வெச்சிருப்பாங்க. கண்காட்சி முடியற வரைக்கும் நானும் வாயத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாரு. அத்தினி பேர் முன்னால நீங்க பேசின பேச்சையும் வாங்கிகினு போனாரு."

"எனக்கு இன்னும் புரியலம்மா. பரிசு குடுத்தா இன்னா?"

சங்கரி படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எட்டாவது நிபந்தனையில் விரலை வைத்தாள். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்ட பக்கம். தச்சர் கடைசி ஆணியை அடித்துக்கொண்டிருந்தார்.

"பரிசு வாங்கின படம் யூனிவர்சிட்டிக்குச் சொந்தம். அந்தத் தகட்ட உங்க படத்துல அடிச்சிருப்பாங்க. நீங்க உங்க சம்சாரத்த இங்கியே வுட்டுட்டுத்தான் வூட்டுக்குப் போயிருக்கணும்."