தகர டப்பா மேளம்

ஒரு சோளக்கொல்லையில் காவலுக்கு நின்ற பொம்மைக்குத் திடீரென்று வேலை போய்விட்டது. சோளத்துக்குப் பதிலாக வேம்பு, புங்கை, இலுப்பை என்று நம் மண்ணின் மரக்கன்றுகளைக் கொல்லை முழுக்க நட்டுவிட்டார்கள். மரங்கள் வளர்ந்து காற்றில் கலந்த கரிப்புகையைக் குடித்தால், அந்தப் புகையை விடும் தூரதேசத்து ஆலைக்காரர்கள் அதற்கு ஈடாகக் காசு கொடுப்பார்களாம்.

"பறவைங்க வந்தா நாம நடாத மரமும் முளைக்கும். இந்தப் பொம்மை நின்னா எது வரும்? நாளைக்குப் பிடுங்கி அடுப்புல வெச்சிரலாம்" என்று நட்டவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இது பொம்மையின் மண்சட்டிக் காதில் விழுந்தது. அந்த வழியாக வந்த மைனாவைக் கூப்பிட்டது.

"வா தங்கச்சி, தோள்ல உக்காரு."

மைனா தள்ளி, வேலியிலேயே உட்கார்ந்தது. "போன வருசம் எங்களை விரட்டுன ஆளுதானே நீங்க?"

"நானா? அன்னைக்கும் ரெண்டு கையையும் விரிச்சு வா வான்னுதானே நின்னேன். நீங்கதான் தப்பா எடுத்துக்கிட்டீங்க."

"அப்போ கையில தொங்குற தகர டப்பா?"

"விருந்தாளி வந்தா மேளம் வேண்டாமா?"

மைனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே தோளுக்கு வந்துவிட்டது. மாலைக்குள் தன் கூட்டத்தையும் கூட்டிவந்தது.

மறுநாள் பிடுங்க வந்தவர்கள், பொம்மை நிறையப் பறவைகளைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டார்கள்.

மழைக்காலத்தில், மைனாவின் எச்சம் விழுந்த, பொம்மையின் மண்சட்டித் தலை விரிசலில் ஒரு ஆலஞ்செடி துளிர்த்தது. பொம்மை பக்கத்து வேப்பங்கன்றைப் பார்த்துச் சொன்னது:

"நாங்கல்லாம் பரம்பரையாவே மரம்தான்பா."