பகலில் தூங்கும் தெரு

பகல் பதினொரு மணி. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தத் தெருவில் ஒரு காலத்தில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் கூவி விற்பார்கள். கம்பெனிகள் வந்தபின், வாசலில் சேப்டி ஷூ கிடந்தால் உள்ளே நைட் ஷிப்ட் முடித்தவர் தூங்குகிறார் என்று வாயை மூடிக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். நிர்மலாவின் வாசலிலும் ஒரு ஜோடி கிடக்கிறது. கணவர் சென்னப்பன் இறந்து நான்கு மாதமாகிறது. வெயில் பட்டுப் பட்டு ஷூவின் தோல் வெடித்திருக்கிறது. தெருவுக்குப் புதிதாக வரும் கீரைக்காரி தள்ளுவண்டியை நிறுத்தி, "அண்ணன் தூங்கறாராக்கா?" என்று கிசுகிசுக்கிறாள். நேற்றிலிருந்து யாரிடமும் பேசாத நிர்மலா வாய் திறக்கிறாள். "ஆமாம்மா, இப்பத்தான் படுத்தாரு" என்கிறாள், அவளைவிடத் தணிந்த குரலில். கீரைக்காரி தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். நிர்மலா கதவைச் சத்தம் வராமல் சாத்துகிறாள்.