இன்னும் ஒரு சுற்று

"ட்ரெயிலர் சில்லு இறுகுதோ எண்டு வடிவாய்ப் பாரும், எமில்டா," என்று கீழே நின்ற மனைவியிடம் ஜன்னலால் தலையை நீட்டிச் சொல்லிவிட்டு, அகஸ்ரின் மறுபடியும் ட்ரக்கை எடுத்தான்.

விடுமுறை நாள். மோர்னிங்சைட் பிளாசாவில் கடைகள் எல்லாம் பூட்டு. வாகனம் விடும் இடம் வெறிச்சென்று கிடந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

போன கிழமை வாங்கிய ட்ரக் அது. பழையதில் ட்ரெயிலர் பிறேக்குக்கென்று ஒரு பெட்டியைத் தனியாக வாங்கிப் பூட்டியிருந்தான். இதில் அது டாஷ்போர்ட்டோடேயே வந்துவிட்டது. பட்டனை அமத்தினால் பிறேக்கின் பலத்தைக் காட்டும் இலக்கம் கூடும், குறையும். பக்கத்தில் உள்ள சின்னப் பிடியை நெரித்தால் ட்ரெயிலரின் பிறேக் மட்டும் பிடிக்கும். நாற்பதில் ஓடிக்கொண்டே நெரிக்கவேண்டும். சில்லு சுழலாமல் இறுகித் தார் றோட்டில் உரசும்வரைக்கும் இலக்கத்தைக் கூட்டிப்போய், பிறகு கொஞ்சம் குறைத்துவிட்டால் சரி. அதற்குமேல் அதில் ஒரு மண்ணும் இல்லை.

ட்ரெயிலர் நிறையத் தண்ணீர்ப் போத்தலும் அரிசி மூட்டையும் இருந்தன. ஒட்டாவாவில், பாராளுமன்றத்துக்கு முன்னால் சண்டையை நிப்பாட்டச் சொல்லி இன்னும் நிற்கிற சனத்துக்குக் கொண்டுபோக வேண்டியவை. ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று காலையிலிருந்து எல்லாச் செய்தியிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் போகத்தான் வேண்டும் என்று அகஸ்ரின் ஒற்றைக்காலில் நின்றான். ஒருநாளும் இல்லாத திருநாளாக ஒட்டாவாவுக்கு எமில்டாவையும் வரச்சொன்னான்.

முதல் சுற்றிலேயே பிறேக் சரியாக அமைந்துவிட்டது. புல் வெட்டும் வேலைக்கு வருசக்கணக்காக அவனோடு ட்ரெயிலர் இழுத்துத் திரிந்தவளுக்கு அதுகூடத் தெரியாதா?

"சரிவரேல்லை. ஒரு பக்கம் இழுக்குது," என்றாள்.

முழுப் பொய். வேறு என்ன செய்வாள், பாவம்! மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டல்லவா நிற்கிறாள். காலையில் அவன் குளிக்கப் போன நேரம் யூனியன்வில்லில் இருக்கிற ஊர்க்கார இராஜேஸ்வரி அக்கா போன் எடுத்திருந்தார். அவருடைய மருமகன் வவுனியாவில் அகதி முகாம்களுக்குள் போய்வருகிறவன். அகஸ்ரினின் ஒரே தங்கை வேரோனிக்கா கடைசி நாள் செல்லடியில், குண்டு விழுந்து செத்துப்போனாள் என்று அவன் சொன்னானாம்.

வேரோனிக்கா எமில்டாவுக்கு வெறும் மச்சாள் இல்லை. இரண்டு வீடும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு. அகஸ்ரின் எமில்டாவைக் கட்டிய அதே நாள், அதே கோயிலில், எமில்டாவின் தம்பி சீமோன் வேரோனிக்காவைக் கட்டினான்.

தம்பியைப் பற்றிக் கேட்க அவளுக்கு நா எழவில்லை. அக்காவே சொன்னார். சீமோன் முகாமுக்கு வந்துவிட்டானாம், சுகமாக இருக்கிறானாம். அந்தச் செய்தியில் தன் நெஞ்சு கொஞ்சம் ஆறியதை நினைக்க, எமில்டாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

சாவுச் செய்தியைக் கூடப்பிறந்தவர்களுக்கு நேரே சொல்வதில்லை. கட்டினவர்களிடம் சொல்லிவிடுவார்கள். அவர்கள் நேரம் பார்த்து, நாலு பேரை வைத்துக்கொண்டு பக்குவமாகச் சொல்லவேண்டும். பின்னேரம் தாங்கள் வருவதாகவும், அதுவரைக்கும் வாய் திறக்க வேண்டாம், வாகனம் ஓடுகிற மனுசன் என்றும் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஒட்டாவா என்ன பக்கத்து வீடா? ஐந்து மணித்தியால ஓட்டம். வழியில் யாராவது போன் எடுத்துச் சொல்லி, ஸ்டியரிங் பிடி தவறினால்? அவனை ஹைவேயில் ஏறவிடக் கூடாது. எமில்டாவிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்தப் பிறேக்.

"இப்ப?" என்றான்.

"இல்லை. இப்ப சில்லு இறுகவே இல்லை."

ஆச்சரியம் என்னவென்றால், வாகனச் சங்கதியில் அவள் சொல்லை ஒருநாளும் காதில் போடாதவன், இன்று மறுபேச்சில்லாமல் இலக்கத்தைக் கூட்டினான், குறைத்தான், சுற்றினான். ட்ரக்கில் தமிழ் வானொலி வாயைத் திறந்ததுமே அமத்திவிட்டான். போனையும் நிப்பாட்டி வைத்திருந்தான். பயப்படுகிறான் என்று நினைத்தாள்.

வெயில் சாயத் தொடங்கியும் அவன் ஒட்டாவாப் பேச்சை எடுக்கவில்லை. இறங்கிவந்து ட்ரெயிலரில் சாய்ந்துகொண்டான். கண் சிவந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், சும்மா எதையோ பேசவேண்டும் என்பதுபோலப் பேசினான்.

"வேரோனிக்காவுக்குக் கொஞ்சம் உடுப்பு எடுத்து அனுப்பவேணும். உம்மட அளவுதானே அவளுக்கும்?"

எமில்டாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பின்னேரமாவது, நாலு பேராவது! அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ... வேரோனிக்கா இல்லை. செல் விழுந்து செத்துப்போனாள். இராஜேஸ்வரி அக்கா காலமை எனக்கு எடுத்துச் சொன்னவ."

அகஸ்ரின் அவளையே பார்த்தான். தலையை மெல்ல ஆட்டினான். அவள் பிடித்த கையை அவனும் இறுக்கிக்கொண்டான்.

"இல்லை, எமில்டா. வேரோனிக்கா முகாமுக்கு வந்திட்டாள், சுகமாய் இருக்கிறாள் எண்டல்லோ அக்கா காலமை என்னட்டைச் சொன்னவ. பின்னேரம் வரைக்கும் உமக்குச் சொல்லவேண்டாம் எண்டது, சீமோன் செத்ததையெல்லோ."