யாரும் உட்காராத பெஞ்சு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய்யென்றால் நெய்வேலிக்கே கரண்ட் இல்லாமல் போகட்டும்.

பிளாக் முனை பஸ் ஸ்டாப்பில் இருந்த நினைவு பெஞ்சில், அப்பா பேர்மேல் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். காலையில் அதைப் பார்த்த மணிமாறனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

சாதாரணப் பெஞ்சா அது? அவன் அப்பா குழந்தைவேல் மைன்ஸில் முப்பத்தைந்து வருஷம் ஷிப்ட் பார்த்து ரிட்டயரான மனுஷன். போன வருஷம் இதே ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சாய்ந்து உட்கார ஒரு திட்டு இல்லை. கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடியே உயிர் போனது.

"அங்க ஒரு பெஞ்சு போடுடா, போதும்" என்றாள் அம்மா பெரியநாயகி. குறிஞ்சிப்பாடி ரோட்டில் சிமெண்ட் தொட்டி, ஜன்னல் சட்டம் விற்கிற கடைக்குப் போய், ஒரு பெஞ்சைத் தட்டிப் பார்த்து, சாய்மானத்தைத் தடவிப் பார்த்து, இதுவே இருக்கட்டும் என்றாள்.

மணிமாறன் ஒப்பவில்லை. அவனும் மைன்ஸில் பெர்மனென்ட். அப்பாவுக்குச் செய்வது நாலு பேர் கண்ணில் நிற்க வேண்டாமா? கருப்பு கிரானைட்டில் எடுத்தான். சாய்மானத்தில் அப்பா முகம். உட்காரும் பலகையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தங்க எழுத்தில் பேர், தோற்றம், மறைவு.

வருஷத் திதியன்று மாலை போட்டுத் திறந்தார்கள். அப்படியொரு பளபளப்பு. டவுன் பஸ் டிரைவர் ஒருத்தர் வண்டியை நிறுத்தி இறங்கி, அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் அதில் ஒரு ஈகூட உட்காரவில்லை.

வந்தவர்கள் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தள்ளிப் போய் வெயிலில் நின்றார்கள். செத்தவர் பேர்மேல் எப்படி உட்காருவது? யாரோ பூ வைத்தார்கள். யாரோ கற்பூரம் கொளுத்தினார்கள். மணிமாறனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பேரைத்தான் மூடியிருக்கிறார்கள். முகத்தையும்.

யார் வேலை என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. எதிரே டீக்கடை போட்டிருக்கும் ராமலிங்கம். கற்பூரம் ஏற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் எவனும் நின்று டீ குடிக்க மாட்டேன் என்கிறான், வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பிக்கொண்டிருந்தவன் அவன்தான். போதாததற்குக் கடை ஓரத்தில் அரை மூட்டை சிமெண்ட், அடுப்புத் திட்டு பூச வாங்கி வைத்தது.

"பூச்சு காஞ்சு கெடக்கு. நேத்து மத்தியானம் யார் வந்தது இங்க?" என்றான் மணிமாறன்.

நிழலே மரத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிற வெயில் அடித்த நேரம் அது. ரெண்டாம் ஷிப்ட் பஸ் வரும்வரை ரோட்டில் நாய்கூட இருக்காது.

ராமலிங்கம் பாய்லரைத் துடைத்துக்கொண்டே, "நான் பார்க்கலைங்க" என்றான்.

"சிமெண்ட் உன்னுதுதானே?"

"என்னுதுதாங்க."

"அப்ப நீதான் பூசின."

ராமலிங்கம் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். கூடியிருந்தவர்கள் காறித் துப்பாத குறை. சாயங்காலத்துக்குள் டவுன்ஷிப் ஆபீசில் எழுதிக் கொடுத்து இந்தக் கடையைத் தூக்க வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான் மணிமாறன். குவார்ட்டர்ஸுக்குப் போன கையோடு புகாரை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

அம்மா எதிரில் உட்கார்ந்து ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அறுபத்தெட்டு வயதுவரை ஸ்பூனைத் தொடாதவள். கல்யாண வீட்டு ஐஸ்கிரீமையே விரலால் வழித்தவள்.

"என்னம்மா இது, புதுசா?"

"சும்மாதான்டா."

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அஞ்சு விரல் நுனியும் வெந்து, தோல் உரிந்து, குழி குழியாக இருந்தது. மேலே தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாள். வெறுங்கையால் சிமெண்ட் குழைத்தால் அது அப்படித்தான் தின்னும். அப்பாவுக்கு வேலை பெர்மனென்ட் ஆகும்வரை சித்தாளாகக் கலவை சுமந்தவள் அவள்.

"ஏம்மா?" என்றான்.

பெரியநாயகி கையை விடுவித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"முந்தாநாளு மாசமா இருக்கிற பொண்ணு ஒண்ணு, பெஞ்சைப் புடிச்சிக்கினு நிக்குது. உக்காரேன்மான்னா, பெரியவரு மேல எப்படி ஆயா உக்கார்றதுன்னு கேக்குது. அவரு நின்னுக்கினே செத்தாருடா. அவரு பேரைச் சொல்லி இன்னொருத்தர நிக்க வைக்கலாமா?"

மணிமாறன் சட்டைப் பையிலிருந்த புகாரை இன்னும் உள்ளே தள்ளினான்.

"பேரை வெரசாப் பூசிட்டேன். மூஞ்சிக்கு வரும்போதுதான் கை ஓடல. ராமலிங்கம் தம்பிதான் சட்டியைப் புடிச்சிக்கினு அந்த வெயில்ல கூடவே நின்னுச்சு. உங்க புள்ள கேட்டா நான்தான் பூசுனேன்னு இருக்கட்டும்ங்கன்னு சொல்லிச்சு."

சாயங்காலம் மணிமாறன் புகாரைக் கொண்டுபோய் ராமலிங்கத்தின் அடுப்பில் போட்டான். சுற்றி நின்றவர்களிடம், பூசியது நான்தான் என்றான். அப்படியானால் காலையில் கத்தியது என்ன என்று கேட்டார்கள். நடிப்பு என்றான்.

பெற்ற அப்பன் பேரை அழித்த பிள்ளை என்று ஊர் இன்றுவரை அவனைத்தான் திட்டுகிறது. திட்டுகிறவர்கள் அத்தனை பேரும் அந்தப் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துதான் திட்டுகிறார்கள்.

இதை யார் சொன்னதென்று மட்டும் வெளியே விட்டுவிடாதீர்கள். பஸ் வரும்வரை உட்கார எனக்கும் அங்கே வேறு பெஞ்சு கிடையாது.