உள்ளே மெஷின் ஓடுகிறது

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நீலச்சட்டைக்காரர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“அழாதீங்க சார். இதயத்தைச் சரிபண்ற வரைக்கும் மெஷினே ரத்தத்தை ஓட்டும்.”

“பச்சக்குழந்தை சார்! மூளைக்கு ஒண்ணும் ஆகாதே?”

“உடம்பைக் குளிர வச்சிருவாங்க. மூளைக்கு ரத்தம் சரியாப் போகுதான்னு நெத்தியில சென்சார் ஒட்டிப் பாத்துட்டே இருப்பாங்க.”

“மெஷினை ஓட்டுறவங்க கவனமா இருக்கணுமே!”

“இருப்பாங்க சார்.”

கதவு திறந்தது. “குழந்தை நல்லா இருக்கு. மூளைக்கும் ஒரு குறையும் இல்ல. அப்பா யாரு?” என்றார் டாக்டர்.

கண்ணாடிக்காரர் எழுந்து கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். “அப்ப நீங்க யாரு சார்?”

“மெஷினை ஓட்டுறது என் சம்சாரம். ஈரத்துண்டைக் கட்டில்ல போட்டேன்னு காலையில பெரிய சண்டை. கோபம் தணியாமலேயே டூட்டிக்கு வந்துட்டா.”

“நல்லவேளை, இதை முன்னாடியே சொல்லல!” என்று நாற்காலியில் தொப்பென்று விழுந்தார் அப்பா.